முயற்சியைத் தளர்த்துதல்

பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரங்கள் 195. சில பதிப்புகளில் 196. அவற்றுள் ஆசனத்தின் இலக்கணத்தைக் கூறுபவை மூன்றே. ஸாதன பாதத்தில் 46 முதல் 48 வரை அவை அமைந்துள்ளன. ஆசனம் ஸ்திரமாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்கிறது முதலாவது. அது கைகூடினால் குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் சாதகனைத் தாக்கா என்கிறது மூன்றாவது. அதை அடையும் உபாயங்களைக் கூறும் நடுச் சூத்திரமே நம் சிந்தனைக்குரியது.

உபாயங்கள் இரண்டு. ஒன்று 'பிரயத்ன சைதில்யம்'. மற்றது அனந்தனிடம் மனம் ஒன்றுதல். முதலாவதை நான் 'முயற்சியைக் கைவிடுதல்' என்று மொழிபெயர்த்திருந்தேன். முயற்சி ஓய்வதால் ஆசனம் சித்திக்கும், அங்கங்கள் நடுங்கா என்று வியாசர் தம் உரையில் கூறுவதே எனக்குத் துணை. ஆயினும் ஓர் ஐயம் உறுத்திற்று. முயற்சியைக் கைவிட்ட உடல் சாய்ந்துவிடாதா? பிறகு ஸ்திரம் ஏது?

ஹைதராபாத்தில் நாச்சாரத்தை அடுத்த மல்லாபூரில் ஓர் அன்பரின் இல்லத்தில் சில நாட்கள் தங்க நேர்ந்தது. அது தொழிற்பேட்டைப் பகுதி. அருகில் ஒரு வீட்டின் மாடியில் காலை ஆறு மணிக்கு யோக வகுப்பு நடைபெறும். பதினைந்து பேர் வரலாம். கற்பிப்பவர் வயது முதிர்ந்த தெலுங்கு அம்மையார். யோக சூத்திரத்தைப் பல ஆண்டுகள் பாடம் சொன்னவன் என்ற எண்ணம் உள்ளே இல்லாமலில்லை; அதனுடனேயே போய் அமர்ந்தேன்.

விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நின்றபோது, அசையக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கால் முன்னைவிட அதிகம் நடுங்கியது. அம்மையார் எட்ட நின்றபடியே தம் தாடையைத் தொட்டுக் காட்டி, "ஸ்வாமிஜீ, வதுலு சேயண்டி" என்றார். தளர்த்துங்கள் என்று பொருள். பக்கத்தில் இரவுப்பணி முடித்து நேரே வந்திருந்த தொழிலாளி ஒருவர் அதே ஆசனத்தில் நின்றார். ஊன்றிய கால் தூண்போல் இருந்தது. முகத்தில் உழைப்பின் சுவடே இல்லை.

வாசஸ்பதி மிச்ரரின் விளக்கம் அப்போதுதான் பொருள்பட்டது. உடலைத் தாங்கும் இயல்பான முயற்சியைத் தளர்த்துவதும் ஒரு முயற்சியே. அதைச் சாதகன் பயிலவேண்டும் என்கிறார் அவர். வேண்டிய இடத்தில் வலிமை நிற்கும். வேண்டாத இறுக்கம் மட்டும் விலகும். தியானத்தில் அமர்ந்தால் தலை வலிக்கிறது என்று முறையிடும் அன்பர்கள், ஜபத்தின்போது தம் தாடையையும் புருவத்தையும் ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம்.

அனந்தன் என்பதற்கும் அவர் ஆதிசேஷன் என்றே பொருள் கொள்கிறார். ஆயிரம் தலைகளால் உலகை அசையாமல் தாங்குபவன் அவன். அவனே பெருமாளுக்கு மெத்தென்ற படுக்கை. ஸ்திரமும் சுகமும் ஒரே உடலில்! பதஞ்சலியே ஆதிசேஷனின் அவதாரம் எனத் தில்லை மரபு போற்றுவதையும் இங்கே நினைக்கலாம்.

அன்று மாலையே கையெழுத்துப் பிரதியில் 'கைவிடுதல்' என்பதை அடித்துத் 'தளர்த்துதல்' என்று எழுதினேன். மறுநாள் வகுப்பிலும் அம்மையார் தாடையைத் தொட்டுக் காட்டினார்.