தோட்ட அலுவலகக் கணினிகளைக் காப்போம்

தொழிலாளரின் செக்ரோல், விளைச்சல் எடை, ஊழியர் சேமநிதி, சொக்சோ சந்தா ஆகிய கணக்குகள் இன்று தோட்ட அலுவலகக் கணினிகளில் பதிவாகின்றன. அக்கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் புகும் தீங்கு மற்றவற்றையும் பற்றிக்கொள்ளும். சம்பள நாளுக்கு முன் கணக்குகள் அழிந்துபோனால் அல்லற்படுவோர் தொழிலாளர் குடும்பத்தினரே.

கணினி வைரஸ் தானாகத் தோன்றும் நோயன்று. மனிதர் எழுதிவிடும் தீய நிரலாகும். அது பெரும்பாலும் இரு வழிகளில் நுழைகிறது.

முதலாவது, நம் கையே திறந்துவிடும் வழி. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம்போல் மின்னஞ்சலில் வந்தது. அதன் இணைப்பைத் திறந்தோரின் முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அது தன்னையே அனுப்பிக்கொண்டது.

இரண்டாவது, அசட்டையால் அடைக்காமல் விட்ட வழி. 2017ஆம் ஆண்டு மே மாதம் 'வான்னாகிரை' 150 நாடுகளுக்கு மேல் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தடைப்பட்டன. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது!

ஆகவே, அலுவலகத்தார் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. கணினியின் இயக்க முறைமையையும் வைரஸ் தடுப்பு நிரலையும் உடனுக்குடன் புதுப்பித்தல் வேண்டும்.

2. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் இருத்தல் வேண்டும். நிர்வாகி உரிமையுள்ள கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தலாகாது. பயனரின் உரிமை குறைந்தால், வைரஸ் விளைக்கும் கேடும் குறையும்.

3. எங்கிருந்தோ வந்த பென்டிரைவைச் சோதிக்காமல் செருகலாகாது. எதிர்பாராத இணைப்பைத் திறக்குமுன், அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்டறிதல் நலம்.

4. கணக்குகளின் நகலை நாள்தோறும் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும். இணைந்தே கிடக்கும் நகலும் பூட்டப்பட்டுவிடும். மற்றொரு நகல் அலுவலகத்திற்கு வெளியே இருக்கட்டும். நகலிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என மாதந்தோறும் சோதித்தல் அவசியம்.

ஐயம் எழுந்தால், முதலில் வலையமைப்பின் கம்பியைக் கழற்றி, வைஃபையை நிறுத்துக. பின்னர் மேலாளரிடம் தாமதமின்றிக் கூறுக. சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 மையத்தின் உதவியையும் நாடலாம்.

மேலாளர்களுக்கும் ஒரு சொல். தவறியவரைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் மறைத்துவிடுவார். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வைரஸுக்கே ஆதாயம். அஞ்சாது உண்மை கூறக்கூடிய அலுவலகமே பாதுகாப்பான அலுவலகம் என்பதை மறத்தலாகாது.