விமர்சனங்களைச் சீர்தூக்குவோம்

தம்போயில் வாழும் ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர், பல மாதங்களாகச் சேமித்த 150 ரிங்கிட்டில் ஹெட்போனுக்கான ஒலிபெருக்கி ஒன்றை இணையம்வழி வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர்களுள் ஒருவர் அக்கருவியை “அருமை” என்கிறார். மற்றொருவர் “வித்தியாசமே தெரியவில்லை” என்கிறார். இன்னொருவரோ “இரைச்சல் கேட்கிறது” எனக் குறைகூறுகிறார். யாரை நம்புவது?

மூவரும் உண்மையே கூறியிருக்கலாம். ஹெட்போன் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு ‘ஓம்’ என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 250 அல்லது 300 ஓம் கொண்ட ஹெட்போன்களுக்குக் கைப்பேசியின் ஆற்றல் பெரும்பாலும் போதாது. அவற்றுக்கு ஒலிபெருக்கி கைகொடுக்கும். 32 ஓம் கொண்டவற்றுள் பல, கைப்பேசியிலேயே நன்கு ஒலிக்கும். காதினுள் பொருத்தும் நுண்ணுணர்வுமிக்க சிறிய வகையிலோ கருவியின் மெல்லிய இரைச்சலும் கேட்டுவிடும்.

ஆகவே, நட்சத்திரங்களை மட்டும் எண்ணிப் பார்ப்பது போதாது. விமர்சித்தவர் எந்த ஹெட்போனை, எவ்வளவு காலம் பயன்படுத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பலரும் ஒரே பழுதைச் சுட்டினால் அதனைப் புறக்கணிக்கக்கூடாது.

வாங்கிய பின் ரசீதைப் பாதுகாத்தல் அவசியம். விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதை மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகிறது. பாதிக்கப்பட்டவர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்திக் கோரிக்கையைப் பதிவு செய்யலாம்.

எனினும், அம்மாணவரின் ஹெட்போன் கைப்பேசியிலேயே தெளிவாக ஒலிக்குமாயின், அக்கருவியை வாங்காமல் பணத்தைச் சேமிப்பதே அறிவார்ந்த முடிவாகும்.