பாக் சே ரியின் வெள்ளைப் பாதங்கள்

கோல்ப் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது நுவரெலியா நகரின் நடுவே கிடக்கும் அந்தப் பச்சைப் புல்வெளிதான். சுற்றுலா போன பஸ்ஸின் யன்னலால் எட்டிப் பார்த்திருப்போம். வசதி படைத்த ஆண்கள் ஓய்வுநேரத்தில் ஆடும் விளையாட்டு என்றே நானும் எண்ணியிருந்தேன். எமது தமிழ் இலக்கிய மன்றத்தில் "உலகை வென்ற பெண்கள்" என்ற தலைப்பில் பேசுவதற்கு டீச்சர் சீட்டுக் குலுக்கினார். எனக்கு விழுந்த சீட்டில் "பாக் சே ரி" என்று இருந்தது. அது ஒருவருடைய பெயர் என்றே முதலில் எனக்கு விளங்கவில்லை. தேடி வாசித்த பிறகு ஐந்து நிமிடப் பேச்சு போதாமற் போயிற்று. அன்று சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கு எழுதுகிறேன்.

பாக் சே ரி 1977 செப்டெம்பர் 28 ஆம் திகதி தென்கொரியாவின் டேஜோன் நகரில் பிறந்தவர். பாடசாலையில் முதலில் அவர் மெய்வல்லுநர் வீராங்கனை. தடகளத்தில் இருந்த மகளைக் கோல்ப் பக்கம் திருப்பியவர் தந்தை. அந்தத் தந்தையின் பயிற்சி பற்றிப் பத்திரிகைகள் விதம்விதமாக எழுதின. பல மாடிக் கட்டடத்தின் படிகளில் முன்னும் பின்னுமாக ஏறி இறங்க வைத்தாராம். பயம் தெளிவதற்காக இரவில் மயானத்தில் இருக்க வைத்தாராம். இவற்றை எழுதியவர்கள் எல்லோரும் வியந்துதான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வியப்பு வரவில்லை. மயானத்தில் இருந்த பிள்ளையிடம் யாராவது எதுவும் கேட்டார்களா என்றுதான் தோன்றியது.

1996 இல் தொழில்முறை வீராங்கனையான அவர், 1998 இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை கோல்ப் சங்கமான எல்.பி.ஜி.ஏ. நடத்தும் போட்டிகளில் ஆடத் தொடங்கினார். அப்போது அங்கே அவர் ஒருவரே கொரியர். ஆங்கிலமும் சரளமாக வராது. ஆனாலும் அந்த ஆண்டு மே மாதத்திலேயே எல்.பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப்பை வென்றார். பெண்கள் கோல்ப்பில் "மேஜர்" எனப்படும் மிகப் பெரிய பட்டங்களுள் அது ஒன்று. இரண்டு மாதங்களின் பின் நடந்ததுதான் அவரை ஒரு நாட்டின் கதையாக்கியது.

அதற்கு முன்பு அந்த நாட்டின் நிலைமையைச் சொல்லவேண்டும். 1997 இன் இறுதியில் கொரியாவின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு வற்றிப்போனது. சர்வதேச நாணய நிதியத்திடம் 2,100 கோடி டொலர் கடன் கேட்டார்கள். கம்பனிகள் மூடப்பட்டன, இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1998 ஜனவரியில் நாட்டின் கடனை அடைக்க மக்கள் தங்கள் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கலியாண மோதிரம், பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்குப் போட்ட மோதிரம் என்று சுமார் 227 தொன் சேர்ந்தது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்கள் எங்களுக்கும் நினைவிருப்பதால் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இனி அந்தப் போட்டி. கோல்ப் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம்: மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் விழுத்துபவரே வெற்றியாளர். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு, அது "பார்". ஓர் அடி கூடினால் "போகி", ஓர் அடி குறைந்தால் "பேர்டி".

1998 ஜூலையில் விஸ்கொன்சின் மாநிலத்தின் கோலர் என்ற ஊரில், பிளாக்வுல்ப் ரன் மைதானத்தில் ஐக்கிய அமெரிக்கப் பெண்கள் பகிரங்கப் போட்டி நடந்தது. நான்கு நாட்களில் 72 குழிகள் ஆடி முடித்தபோது பாக் சே ரியும் ஜெனி சுவாசிரிபோர்ன் என்ற பல்கலைக்கழக மாணவியும் 290 அடிகளுடன் சமமாக நின்றார்கள். இருவருக்கும் வயது இருபது. ஜெனி தாய்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. பணத்துக்காக ஆடாத அமெச்சூர் வீராங்கனை. மறுநாள் திங்கட்கிழமை மேலும் 18 குழிகள் ஆடவேண்டும். கடைசிக் குழிக்கு வந்தபோதும் இருவரும் சமம்.

பாக் சே ரி அடித்த பந்து இடப்பக்கமாக விலகி, குளத்தின் கரைச் சரிவில் நீண்ட புல்லுக்குள் போய் நின்றது. அபராத அடியை ஏற்றுக்கொண்டு பந்தை வேறிடத்தில் வைக்கலாம். அப்படிச் செய்தால் அநேகமாகப் போட்டி கைவிட்டுப் போகும். அவர் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். கொரியாவில் அப்போது செவ்வாய் அதிகாலை. நித்திரை விழித்துத் தொலைக்காட்சி பார்த்தவர்கள் கண்டது அவருடைய கால்களைத்தான். வெயிலில் கறுத்த கால்கள். கணுக்காலுக்குக் கீழே, சப்பாத்துக்குள்ளேயே இருந்த பாதங்கள் மட்டும் வெள்ளை. எத்தனை ஆயிரம் மணித்தியாலம் வெயிலில் நின்றிருந்தால் அந்தக் கோடு விழுந்திருக்கும்! அந்தக் காட்சி பின்னர் அரச விளம்பரங்களிலும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது.

பந்து வெளியே வந்தது. அந்த அடியினால்தான் அவர் வென்றார் என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் அப்படியல்ல. அந்தக் குழியில் அவர் எடுத்தது போகி. ஜெனிக்கு வெல்ல வாய்ப்பிருந்தது. அவருடைய பந்து குழியில் விழவில்லை. இருவரும் 73 அடிகளுடன் மறுபடியும் சமம். பின்னர் ஒவ்வொரு குழியாக ஆடி, இரண்டாவது மேலதிகக் குழியில் பாக் சே ரி பேர்டி எடுத்து வென்றார். மொத்தம் 92 குழிகள். குளத்து அடி வெற்றியைத் தரவில்லை. தோற்றுவிடாமல் காத்தது, அவ்வளவுதான். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஜெனி சில ஆண்டுகளில் கோல்ப்பை விட்டு விலகித் தாதியானார். அவரைப் பற்றியும் யாராவது அடுத்த மன்றத்தில் பேசலாம்.

பாக் சே ரி அந்த முதலாண்டில் மட்டும் நான்கு பட்டங்களை வென்றார். ஆண்டின் இறுதியில் நாடு திரும்பியபோது விழா, ஊர்வலம், நேர்காணல் என்று ஓய்வே கொடுக்கவில்லை. கடைசியில் களைப்பினால் வைத்தியசாலையில் படுத்தார். 2001 இல் பிரித்தானியப் பகிரங்கப் பட்டம், 2002 இல் மீண்டும் எல்.பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப். 2004 இல், இருபத்தாறு வயதில், சங்கத்தின் புகழ் மண்டபத்துக்கு வேண்டிய புள்ளிகள் நிறைந்துவிட்டன. அதன் பிறகு பந்து அவர் சொற்கேட்கவில்லை. சிறுவயது முதல் ஓடிய ஓட்டத்தின் இலக்கு முடிந்துபோன வெறுமை அது என்பது என் எண்ணம். 2005 இல் காயமும் சேர்ந்தது. 2006 இல் மேரிலண்டில் கரி வெப்புடன் சமநிலை முறிப்பு ஆட்டம். 201 யார் தூரத்திலிருந்து அடித்த பந்து குழிக்குச் சில அங்குலம் தள்ளி நின்றது. அதுவே அவருடைய ஐந்தாவது மேஜர். எல்.பி.ஜி.ஏ.யில் மொத்தப் பட்டங்கள் 25. சமநிலை முறிப்பு ஆட்டங்கள் ஆறில் ஆடி ஆறையும் வென்றிருக்கிறார்.

1998 இல் அந்த ஆட்டத்தைப் பார்த்த சிறுமிகளைக் கொரியர்கள் "சே ரியின் பிள்ளைகள்" என்கிறார்கள். பத்தாண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கொரியப் பெண்கள் எல்.பி.ஜி.ஏ.யில் ஆடினார்கள். அவர்களுள் சோய் நா யோன் 2012 இல் அதே பிளாக்வுல்ப் ரன்னில் அதே பட்டத்தை வென்றார். பாக் இன் பீ 2016 றியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அணியின் பயிற்றுநராகப் பக்கத்தில் நின்றவர் பாக் சே ரி. அதே ஆண்டு அக்டோபரில் அவர் ஓய்வு பெற்றார்.

என் பேச்சு இங்கேதான் முடிந்தது. கைதட்டல் கிடைத்தது. நான் விட்டது இதுதான்: 2023 இல் அவருடைய பெயரிலுள்ள மன்றம், முத்திரை போலியாகப் பயன்படுத்தப்பட்டதாக அவருடைய தந்தைக்கு எதிராகப் பொலிஸில் முறைப்பாடு செய்தது. 2024 ஜூனில் பாக் சே ரி ஊடகவியலாளர்களின் முன்னால் வந்தார். தந்தையின் கடன்களைப் பலமுறை அடைத்ததாகவும், இனித் தன்னால் முடியாதென்றும் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார். வாப்பாமாரும் உம்மாமாரும் வந்திருந்த மண்டபத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரியாதைக்குறைவாகிவிடும் என்று பயந்து, எழுதி வைத்திருந்த தாளை மடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு இப்ப எத்தன வயசு மகள்?" என்று கேட்டார். நாற்பத்தாறு வயதில்தான் அதைச் சொன்னார் என்றேன்.