கதாநாயகன் தீயவனாகும்போது

நல்லவனாக வந்த கதாநாயகன் திடீரென்று தீயவனாக மாறினால் அதை நம்பலாமா, கூடாதா? இந்தக் கேள்வி எழுந்துவிட்டால் அன்றிரவு விடுதியில் விளக்கணைய நேரமாகும். "மனிதன் மாறவே மாட்டானா?" என்பர் ஒரு சாரார். "மாறுவான், ஆனால் சரியாக இடைவேளை பார்த்துத்தான் மாறுவானா?" என்பர் மற்றவர். எந்தப் படம் என்று குறிப்பிடாமலே வாதாடுவதால் வழக்கு முடிவதில்லை. நண்பர்களே, ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அது 1954 ஏப்ரலில் வெளிவந்த 'அந்த நாள்'.

ஏ.வி.எம். நிறுவனத்தின் படம், எஸ். பாலசந்தர் இயக்கியது, ஜாவர் சீதாராமன் எழுதியது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 'பராசக்தி' வந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அப்படத்தால் தமிழ்நாட்டையே வாய்பிளக்க வைத்த சிவாஜி கணேசன், இதிலே தொடக்கத்திலேயே குண்டடிபட்டு விழுகிறார். காலம் 1943 அக்டோபர். ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய சமயம். இறந்தவன் ராஜன் என்னும் ரேடியோ எஞ்சினியர். துப்பறிவோரிடம் அண்டை வீட்டுக்காரரும், தம்பியும், தம்பி மனைவியும், காதலியும், மனைவி உஷாவும் ஆளுக்கொரு ராஜனைக் காட்டுகின்றனர். இறுதியில் தெரிவது இது: ராஜன் ஜப்பானியருக்கு இரகசியம் விற்ற தேசத்துரோகி, அவனைச் சுட்டவள் மனைவி.

இந்த மாற்றத்தை நான் நம்புகிறேன். காரணத்தை எங்கள் பாடத்திலிருந்தே சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஹைப்போ உப்பைச் சூடாக்கி உருக்கி, அசைக்காமல் ஆறவிட்டால் தெளிந்த நீர்போல நிற்கும். அதனுள்ளே தாங்கக்கூடியதற்கு மேல் உப்பு கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. சிறு துணுக்கு ஒன்றை உள்ளே போட்டதும் முழுவதும் கட்டியாகிவிடும், குடுவையும் சுடும். பார்த்து நிற்பவனுக்கு இது திடீர் நிகழ்ச்சி. கரைசலுக்கோ அது நெடுநேரமாகக் காத்திருந்த நிகழ்ச்சி. போட்ட துணுக்கினால் மட்டும் இது நேர்ந்துவிடாது. வெறும் தண்ணீரில் அதையே போட்டுப் பாருங்கள், கரைந்து போகும்.

கதாநாயகனையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். படம் முடிந்தபின் திரும்பிப் பார்த்தால், அவன் கெட்டதற்கான பொருள் அவன் நல்லவனாக இருந்த காட்சிகளிலேயே கரைந்து கிடக்கிறதா?

ராஜனிடம் கிடக்கிறது. அவன் அறிவாளி, தன் ரேடியோ ஆராய்ச்சியில் மூழ்கியவன். அதற்கு நாட்டில் ஆதரவும் மதிப்பும் கிட்டவில்லை என்ற மனக்கசப்பு அவனுக்கு. நாட்டுப்பற்றைப் பற்றிக் கல்லூரி நாளிலேயே அவனுக்கும் உஷாவுக்கும் கருத்து வேறு. ஜப்பானியர் உறவு வந்து விழுந்த துணுக்கு மட்டுமே. எந்தப் பிடிவாதத்தைக் கண்டு 'இவனல்லவோ விஞ்ஞானி' என்று வியந்திருப்போமோ, அதே பிடிவாதம்தான் அவனைத் துரோகத்துக்கும் கொண்டுபோகிறது. குணம் மாறவில்லை, அது வேலைசெய்த இடம் மாறியது.

ஆய்வுக்கூடத்தில் காலம் கழிக்கும் நம்மவர்க்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. கருவி இல்லை, பணம் இல்லை, நம் உழைப்பைக் கேட்பாரில்லை என்று குறைபடாத மாணவர் நம்மிடையே எத்தனை பேர்? அந்தக் குறையும் ராஜனின் குறையும் ஒரே குலத்தவை. ஆகையால் அவன்மீது கோபம் வருவதற்கு முன்னே எனக்குச் சற்று அச்சமே வந்தது.

ஓர் ஐயத்தையும் மறைக்கக்கூடாது. 1943-இல் நாட்டை ஆண்டது ஆங்கிலேயன். அவ்வாண்டு ஜூலையில்தான் நேதாஜி, ஜப்பானியர் துணையோடு, சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அப்படியிருக்க ஜப்பானுக்கு உதவியவனைத் துரோகி என்பது எப்படி? படம் இதற்கு வாதத்தால் விடை கூறவில்லை. சென்னையில் விழுந்த குண்டைக் காட்டுகிறது, அவன் விற்றதைக் காட்டுகிறது. எனக்கு அது போதும். போதாது என்பவரோடு சண்டைக்குப் போக மாட்டேன். மேலும், ராஜன் ஏன் மாறினான் என்பதை அவனைச் சுட்டவள் வாயிலாகவே கேட்கிறோம். வேறு சாட்சி இல்லை. வழக்கறிஞர் இதை எளிதில் விடமாட்டார்.

அதே 1954-இல் வந்த 'கூண்டுக்கிளி'யில், தன் உயிரைக் காத்த நண்பனின் மனைவியையே ஜீவா விரும்புகிறான். பெண் பார்த்த நாளிலேயே அந்த ஆசை ஊன்றப்பட்டுவிடுவதால் நம்ப முடிகிறது. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) செய்வது வேறு. கொலைகள் நடந்தபின் இளமைக் கதை ஒன்று, வாங்கிய சாமானுக்குப் பின்னால் வரும் ரசீதுபோல வருகிறது. கணக்குச் சரிதான், ஆனால் மனம் ஒப்பவில்லை.

எங்கள் குளத்தூர்ப் பக்கம் இதை இரண்டு மொழியிலும் பேசுவார்கள். 1956 நவம்பர் 1-இல் தென் தாலுகாக்கள் நான்கு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாறசாலைச் சுற்றுவட்டாரத்தில் சிவாஜிக்கு எத்தனை அன்பரோ சத்யனுக்கும் அத்தனை அன்பர் உண்டு. சத்யன் கட்சியார் உடனே 'யக்ஷி'யை (1968) எடுத்து முன்வைப்பர். அதில் அவர் ரசாயன ஆசிரியர். ஆய்வுக்கூட விபத்தில் முகம் வெந்து போகிறது. தன்மீது நம்பிக்கை இழந்தவன், தன்னை நேசிக்கும் அழகியையே யட்சியோ என்று ஐயுறுகிறான். அங்கே ஒவ்வொரு படியும் நம் கண்முன் இறங்குகிறது. நம்புவது எளிது, அதனாலேயே அதிர்ச்சி குறைவு. இவ்வகையில் என் வாக்கு ராஜனுக்கே.

நடிகரின் புகழும் இதில் குறுக்கே நிற்கும். 1941-இல் ஹிட்ச்காக் எடுத்த 'சஸ்பிஷன்' படத்தின் மூலக்கதையில் கணவன் கொலைகாரன். கேரி கிராண்ட் கொலைகாரனாவதா என்ற தயக்கத்தில் படத்தில் அவனைக் குற்றமற்றவனாக்கிவிட்டார்கள். சென்னையில் ஏ.வி.எம். அந்தச் சமாதானத்தைச் செய்துகொள்ளவில்லை. 'அந்த நாள்' முதல் வெளியீட்டில் சரியாக ஓடவில்லை. மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்தது.

இரண்டு பாட்டுப் போட்டிருந்தால் ஓடியிருக்கும் என்று இன்றும் சொல்வோர் உண்டு. எங்கே போடுவது? ராஜனும் உஷாவும் காதலிக்கும் கல்லூரிக் காட்சிகளில்தான் இடம் இருக்கிறது. அங்கே அவனை ஒரு பாட்டுப் பாடவிட்டால் கொட்டகை முழுவதும் அவன் பக்கம் சேர்ந்துவிடும். பிறகு உஷா வந்து என்ன சொன்னாலும், பொய் சொல்கிறாள் என்றுதான் அடுத்த நாற்காலிக்காரர் சொல்லியிருப்பார்.