ஆஸ்பத்திரியில் குழந்தை தூங்க மாட்டேங்குதா?

"ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லை, சிஸ்டர்!" குழந்தைகள் வார்டில் காலையில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்து கேட்கும் நாம், தூக்கம் கெடுவதை மட்டும் 'ஆஸ்பத்திரின்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். தூக்கமும் சிகிச்சைதான்!

1 - 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து தினம் 11 முதல் 14 மணி நேரம் தேவை. 3 - 5 வயதுக்கு 10 முதல் 13; 6 - 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம்.

ஏன் தூக்கம் வருவதில்லை? வலி, மூக்கடைப்பு, வெளிச்சம், பேச்சுச் சத்தம், 'அம்மா விட்டுட்டுப் போயிடுவாளோ' என்ற பயம். ஸ்டீராய்டு, மூச்சிரைப்புக்குத் தரும் சால்பூட்டமால் போன்ற மருந்துகளும் சில பிள்ளைகளை விழிக்க வைக்கும். மருந்து வேளையை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கூட இருப்பவர்கள் செய்ய வேண்டியவை:

* வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை சிணுங்கும், தொட்டால் அழும். உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

* வீட்டில் போர்த்தும் போர்வை, பிடித்த பொம்மை, வழக்கமான கதை, தாலாட்டு - எல்லாம் இங்கேயும் வரட்டும்.

* படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சம் படட்டும்.

* ஜுரம் பார்ப்பது, மருந்து தருவது, துணி மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிக்க முடியுமா என்று சிஸ்டரைக் கேளுங்கள். முதல் தூக்கத்தில் எழுப்பப்பட்ட நோயாளிக்கு மறுபடி தூக்கம் வருவது கஷ்டம் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதியிருக்கிறார். ஆனால், நேரத்துக்குத் தர வேண்டிய மருந்தைத் தள்ளிப் போடச் சொல்லாதீர்கள்.

* 'தூங்கட்டுமே' என்று சளி சிரப்பைக் கொடுத்துவிடாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு மூச்சையே மந்தமாக்கிவிடக்கூடும்.

இன்னொன்றும் முக்கியம். அழுதுகொண்டே இருந்த பிள்ளை திடீரென்று அசந்து கிடந்தால், 'அப்பாடா, தூங்கிட்டான்' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நல்ல தூக்கத்தில் இருக்கும் குழந்தை எழுப்பினால் விழிக்கும், உங்களை அடையாளம் தெரிந்துகொள்ளும், பால் குடிக்கும். எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது என்றால் அது தூக்கமில்லை, ஆபத்து! டெங்குவில் ஜுரம் இறங்கிய பிறகு வரும் சோர்வும் இப்படித்தான் ஏமாற்றும். விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த நிமிஷமே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.