ஷேடோடார்க் வாங்கலாமா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஓடைப்பட்டியிலிருந்து மாமா எழுதுவது. தோட்டத்தில் கவாத்து முடிந்து துளிர் விட்டிருக்கிறது. ஷேடோடார்க் என்ற பாத்திரமேற்று விளையாடும் ஆட்டத்தின் விதிப்புத்தகத்தை வாங்கலாமா என்று போனில் கேட்டிருந்தாய். ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விஷயமாக எனக்குப் படவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அலமாரியில் இப்போது லேபிரிந்த் லார்டு, ஸ்வோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி, ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்று அதே வகையில் மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அது. அதை 1981-இல் டாம் மோல்ட்வேயும் டேவிட் குக்கும் புதியவர்களுக்குப் புரிகிற மாதிரி திருத்தி எழுதினார்கள். 2000-இல் அந்த ஆட்டத்துக்கு ஒரு திறந்த உரிமம் வந்தது. பழைய விதிகளைச் சொந்த வார்த்தையில் எழுதி யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்ற வழி அதன் பிறகு பிறந்தது. 2007-இல் வந்த லேபிரிந்த் லார்டும், 2019-இல் கேவின் நார்மன் எழுதிய எசென்ஷியல்ஸும் அந்த 1981 விதிகளின் மறுஆக்கங்கள். ஸ்வோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி அதற்கும் முந்தைய 1974 விதிகளைப் பின்பற்றுகிறது. ஒரே கொடியில் வெட்டிய குச்சிகளைப் பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் ஊன்றியது போலத்தான். கவச எண் ஏறுமா இறங்குமா, குள்ளர் என்பது இனமா தொழிலா என்பது போன்ற வித்தியாசங்களுக்காக மூன்று தடவை காசு கொடுத்திருக்கிறாய்.

உன் ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எசென்ஷியல்ஸின் பக்க அமைப்பு அவ்வளவு நேர்த்தி. தேடுகிற விதி விரித்த இரண்டு பக்கத்துக்குள் கிடைத்துவிடும். அதை வாங்கியது சரி. ஆனால் அதை வைத்து நீ எத்தனை பேரை உட்காரவைத்து விளையாடினாய்? அங்கேதான் எனக்கு வருத்தம்.

போன பொங்கலுக்கு நம் வீட்டுத் திண்ணையில் நீ நடத்திய ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். உன் சித்தி மகள் மந்திரவாதியாக வந்தாள். உயிர்ப்புள்ளி இரண்டு, கையில் ஒரே ஒரு தூக்க மந்திரம். ஒரு தீப்பந்தம் ஆறு சுற்றுதான் எரியும், சுற்றுக்குப் பத்து நிமிடம் என்று நீ கணக்கு வைத்தாய். ஐந்தாவது சுற்றில் கோப்ளின்கள் எதிரே வந்தன. நீ உடனே சண்டைக்குப் போகாமல் இரண்டு பகடை உருட்டி அவற்றின் மனநிலையைப் பார்த்தாய். பத்து விழுந்தது, அவை தாக்கவில்லை. அவள் மந்திரத்தைச் செலவழிக்கவில்லை. வெளியே போகிற வழி எது என்று கோப்ளின்களிடமே கேட்டாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் உன் மடியில் எந்தப் புத்தகம் இருந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இனி ஷேடோடார்க். 2023-இல் கெல்சி டியான் கொண்டுவந்தது. இது வெறும் மறுஆக்கம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இதில் தீப்பந்தம் நிஜ நேரத்தில் ஒரு மணி நேரம் எரியும். மந்திரம் போட இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும், தவறினால் ஓய்வெடுக்கும்வரை அந்த மந்திரம் கிடையாது. இந்த இரண்டும் ஆட்டத்தின் வேகத்தையே மாற்றக்கூடியவை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய புத்தகம் தேவையில்லை. அதன் தொடக்கத் தொகுப்பு பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கிக்கொள், செல்போனில் ஒரு மணி நேர டைமர் வை, விளையாடிப் பார். அச்சுப் புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு கப்பல் கூலியும் சேரும். இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டிலிருந்து 5 சதவீதச் சுங்க வரியும் உண்டு. முதல் சம்பளம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவனுக்கு இது சின்னத் தொகை இல்லை.

செலவழித்தே தீர வேண்டுமென்றால் விதிப்புத்தகத்தை விட்டுவிட்டு சாகசப் புத்தகங்களை வாங்கு. கைகாக்ஸின் எல்லைப்புறக் கோட்டைச் சாகசம் ஒன்றே பல மாதம் தாங்கும். உன்னிடம் இருக்கும் மூன்றில் எதை வைத்தும் அதை நடத்தலாம், ஏறக்குறைய எதையும் மாற்றவே வேண்டாம். காசே இல்லாமல் வேண்டுமா, பேசிக் ஃபேண்டஸி இருக்கிறது. அதன் விதிகளும் மார்கன்ஸ்ஃபோர்ட் சாகசமும் இலவசம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆட்டத்துக்கு நீ வரைகிற வரைபடமெல்லாம் பனி மூடிய ஐரோப்பியக் காடாகவே இருக்கிறது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிற பாதை, சுருளி அருவிப் பக்கத்துக் குகைகள், கூடலூருக்கு மேலே சித்திரை முழுநிலவன்று மட்டும் பக்தர்களை விடுகிற மங்கலதேவி கண்ணகி கோயில் எல்லாம் நம் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. வருடத்தில் ஒரே நாள் திறக்கிற மலைக்கோயிலை விடச் சாகசக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயர் கேட்டதும் கண் விரியும். விதி எசென்ஷியல்ஸில் இருப்பதே போதும்.

ஆகவே என் முடிவு, இப்போது வாங்காதே. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அந்த இலவசத் தொகுப்பை அச்செடுத்துக்கொண்டு வா, பிள்ளைகளைக் கூட்டி மூன்று ராத்திரி விளையாடுவோம். நாலாவது ராத்திரியும் அவர்களே அதைக் கேட்டால் புத்தகத்துக்குப் பாதிப் பணம் நான் தருகிறேன். வருகிற தேதியை மட்டும் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

இப்படிக்கு,
அன்பு மாமா