கோடும் வட்டமும் ஒரே குடும்பம்

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், குரோம்பேட்டை என இந்தத் தெற்குப் புறநகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதல் தடவை படிக்கிறவர்களும் வருவார்கள், அரியர் எழுதப்போகிறவர்களும் வருவார்கள். இரு தரப்பும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: கன்ஃபார்மல் மேப்பிங். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் இரண்டாம் செமஸ்டர் கணிதத்திலேயே இது இருந்தது. கோட்டையோ வட்டத்தையோ கொடுத்து, தலைகீழி எடுத்தால் அது என்னவாகும் என்று கேட்பார்கள்.

"சார், ஸ்டெப்ஸ் எல்லாம் தெரியும், படம்தான் வரமாட்டேங்குது" என்பது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. படம் வராதவரை ஸ்டெப்ஸும் மனதில் தங்காது என்பதே என் அனுபவம். பல ஆண்டுகளாக வகுப்பில் பலன் தந்த வழிகளை இங்கே தருகிறேன்.

1. பிளஸ் டூ புத்தகத்தை மறுபடி எடுங்கள்

'கலப்பு எண்கள்' பாடத்தில் ஒரு செய்தி போதும். இரண்டு கலப்பெண்களின் வித்தியாசத்துக்கு மட்டு எடுத்தால் கிடைப்பது அவற்றுக்கு இடையே உள்ள தூரம். ஒரு புள்ளியிலிருந்து தூரம் மாறாமல் இருந்தால் வட்டம். இரண்டு புள்ளிகளிலிருந்தும் தூரம் சமமாக இருந்தால், அவற்றை இணைக்கும் கோட்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் நேர்கோடு. இதை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவருக்கு மேலே போவது எளிது.

2. புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று

ஒரு கலப்பெண்ணைக் கூட்டினால் படம் அப்படியே நகரும். பெருக்கினால் சுழலும், அதோடு பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். இரண்டிலும் கோடு கோடாகவே இருக்கும், வட்டம் வட்டமாகவே இருக்கும். வடிவம் மாறுவது தலைகீழி எடுக்கும்போதுதான். ஆதிப்புள்ளியிலிருந்து 4 அலகு தள்ளியிருந்த புள்ளி கால் அலகுக்கு வந்துவிடும். கோணத்தின் குறி மாறுவதால் மெய் அச்சுக்கு மேலே இருந்தது கீழே போகும். ஆதிப்புள்ளி முடிவிலிக்குப் போகும்.

3. கணக்குக்கு முன் ஒரு கேள்வி

'இது ஆதிப்புள்ளி வழியாகப் போகிறதா?' என்று முதலில் கேளுங்கள். போனால் விடை நேர்கோடு, போகாவிட்டால் வட்டம். கொடுத்தது கோடா வட்டமா என்பது இங்கே பொருட்டே இல்லை.

காரணம் எளிது. எந்தக் கோட்டையும் வட்டத்தையும் நான்கு எண்களால் எழுதிவிடலாம்: எக்ஸ்² + ஒய்² என்ற தொகையின் கெழு, எக்ஸின் கெழு, ஒய்யின் கெழு, கடைசியில் மாறிலி. முதல் எண் பூச்சியம் என்றால் அது கோடு. நான்காவது எண் பூச்சியம் என்றால் அது ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது. தலைகீழி எடுக்கும்போது முதல் எண்ணும் நான்காவது எண்ணும் இடம் மாறிக்கொள்ளும், மூன்றாவது எண் குறி மாறும். வேறெதுவும் மாறாது. கோடும் வட்டமும் ஒரே குடும்பம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தேர்வுகளில் வழக்கமாக வரும் கணக்கு: கற்பனை அச்சில் 2 என்ற இடத்தில் மையம், ஆரம் 2. நான்கு எண்கள் 1, 0, −4, 0. மாற்றினால் 0, 0, 4, 1. அதாவது, மாற்றிய பின் கிடைக்கும் கற்பனைப் பகுதியை வீ என்று எழுதினால், 4வீ + 1 = 0; மெய் அச்சுக்குக் கால் அலகு கீழே கிடைமட்டக் கோடு. வட்டத்தின் உச்சிப் புள்ளி 4 உயரத்தில் இருந்தது, அது அச்சுக்குக் கால் அலகு கீழே வந்திருக்கிறது. விடை சரி.

4. மையத்தை நம்பாதீர்கள்

மையத்தின் தலைகீழியே புதிய மையம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மையம் 3, ஆரம் 1 உள்ள வட்டம் மெய் அச்சை 2-இலும் 4-இலும் வெட்டுகிறது. அவை அரை, கால் என்று மாறும். இவ்விரண்டும் புதிய வட்டத்தின் விட்ட முனைகள். ஆகவே மையம் 3/8, ஆரம் 1/8. மூன்றின் தலைகீழியான 1/3 மையம் ஆகாது. எப்போதும் ஆதிப்புள்ளியையும் மையத்தையும் இணைக்கும் கோட்டின் மேல் உள்ள விட்ட முனைகளைப் பிடியுங்கள்.

பட்டைப் பகுதியைக் கொடுத்தால் எல்லைகளை மாற்றிய பிறகு, உள்ளே ஒரு புள்ளியை எடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள். உள்பக்கமா வெளிப்பக்கமா என்ற ஐயம் அதோடு தீரும்.

5. பைலீனியரைப் பிரித்துப் பாருங்கள்

(இசட் − 1)/(இசட் + 1) என்பதை 1 − 2/(இசட் + 1) என்று எழுதுங்கள். நகர்த்து, தலைகீழி எடு, −2 ஆல் பெருக்கு, மறுபடி நகர்த்து. எல்லாம் தெரிந்த வேலைகளே. கேட்க வேண்டிய கேள்வியும் அதேதான், ஆதிப்புள்ளிக்குப் பதில் பகுதியைப் பூச்சியமாக்கும் புள்ளி. இங்கே அது −1. கற்பனை அச்சு அதன் வழியாகப் போகவில்லை, ஆகவே வட்டம். அச்சின் ஒவ்வொரு புள்ளியும் 1-க்கும் −1-க்கும் சம தூரத்தில் இருப்பதால், அது ஆரம் 1 உள்ள வட்டம்.

6. இது எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த உருமாற்றம்தான் ஸ்மித் சார்ட். ஜப்பானில் மிசுஹாஷி 1937-இலும், அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் ஃபிலிப் ஸ்மித் 1939-இலும் இதை வெளியிட்டார்கள். இம்பீடன்ஸை 50 ஓம் போன்ற ஓர் அளவால் வகுத்து, இந்த மாற்றத்தில் போட்டால் வலது அரைத்தளம் முழுவதும் ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. மின்தடை மாறாத செங்குத்துக் கோடுகளும், ரியாக்டன்ஸ் மாறாத கிடைமட்டக் கோடுகளும் 1 என்ற புள்ளியில் கூடும் வட்டங்களாகின்றன (ரியாக்டன்ஸ் இல்லாத மெய் அச்சு மட்டும் கோடாகவே நிற்கிறது). மற்ற இடங்களில் அவை வெட்டிக்கொள்ளும் செங்கோணமும் மாறுவதில்லை. ஆன்டெனாவை இணைக்கும் பொறியாளர் பார்ப்பது இந்தப் படத்தைத்தான்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-இல் தொடங்கியபோதே எலெக்ட்ரானிக்ஸும் விமானப் பொறியியலும் அங்கே பாடங்கள். விமானப் பிரிவினருக்கும் இதில் பங்கு உண்டு: ஒரு கலப்பெண்ணோடு அதன் தலைகீழியைக் கூட்டும் ஜுகோவ்ஸ்கி உருமாற்றம், தக்கபடி தள்ளி வைத்த வட்டத்தை விமான இறக்கையின் குறுக்குவெட்டாக மாற்றிக் காட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கைபேசியில் ஜியோஜீப்ராவை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு வட்டம் வரைந்து, அதன் மேல் நகரும் புள்ளிக்குத் தலைகீழி எடுத்து, அதன் தடத்தைப் பாருங்கள். வட்டத்தை மெல்ல ஆதிப்புள்ளிக்கு அருகே இழுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் தடத்தை மறுபடி வரையச் சொல்லுங்கள். அது பெரிதாகிக்கொண்டே போய்க் கடைசியில் நேர்கோடாகும். ஆசிரியர்களும் கரும்பலகையில் முதல் சமன்பாட்டை எழுதும் முன் இதைக் காட்டுங்கள். படம் முதலில், கணக்கு பிறகு.